டிரம்மில் இருந்த எண்ணெய்

கும்மிடிப்பூண்டியில் கிளம்பிய மின்சார ரயிலில், ஒரே கம்பெனி கோட்டு போட்ட இரண்டு பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். சின்னவள் துப்பட்டாவால் தலையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே இருந்தாள்.

“வெயில் பட்டதும் முடி பலகையாட்டம் ஆயிடுச்சிக்கா,” என்றாள். நான் போனை அணைத்தேன்.

“கம்பெனி டிரம்ல இருக்கிறதையா தலைக்குத் தேச்ச?”

“வெளக்கெண்ணெயில செய்றதுன்னு அவங்கதானே சொன்னாங்க? டிரம்லயும் பச்சை இலை படம் போட்டிருக்கு. ஒடம்பு சூட்டுக்கு நல்லதாச்சேன்னு ஒரு பாட்டில்ல ஊத்திக்கினு போனேன்.”

“அடிப்பாவி! மரப்பலகைக்கு அடிக்கிற பூச்சுடி அது. லைட்டு பட்டா எப்படி இறுகிக்கிதுன்னு தெனம் பாக்குறியே!”

“அந்த மெஷின் லைட்டுக்குத்தான் இறுகும்னு நெனச்சேன். வெயிலுக்குமா இறுகும்?”

பெரியவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அப்புறம் இன்னா பண்ண?”

“சீப்பே எறங்கல. மொத்தமா வழிச்சிட்டோம். தலை பூரா புண்ணு.”

“டாக்டராண்ட காட்னியா?”

“கம்பெனி டாக்டராண்ட எப்படிக் காட்றது? எடுத்துக்கினு போனது தெரிஞ்சா வேலைக்கே வேட்டு.”

“சூப்பர்வைசர் ஒண்ணும் கேக்கலியா?”

“கேட்டாரு. திருத்தணிக்குப் போயி மொட்டை போட்டேன்னு சொல்லிட்டேன். இன்னா வேண்டுதல்னு கேட்டாரு.”

“இன்னா சொன்ன?”

பொன்னேரி வந்திருந்தது. சின்னவள் எழுந்துகொண்டே சொன்னாள்.

“வேலை பர்மனென்ட் ஆவணும்னு.”