எங்கள் தெருவின் பெயர்

ஜன்னலுக்குத் திரை போடாத வீட்டில் என்னால் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. மற்றபடி நான் சாதாரண ஆள்தான். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மைத்துனி நிங்னிங் கொடுத்த புகாரை விசாரிக்க வந்திருக்கிறீர்கள். கேளுங்கள், மறைக்க ஒன்றுமில்லை.

எல்லோரும் இருக்கும் அந்தச் சமூக வலைத்தளத்தில் நாங்களும் இருந்தோம். என் மனைவி பெர்லிட்டா சமைத்ததைப் போடுவாள், சாப்பிட்டதைப் போடுவாள், சாப்பிட்டபின் எனக்கு என்ன ஆயிற்று என்பதையும் போடுவாள். ஒருநாள் சந்தையில் மீன்காரி, என்னோடு முன்பின் பேசியே இராதவள், பங்கூஸ் மீனைச் சீவிக்கொண்டே அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்: "என்ன கூயா, வயித்து உப்புசம் எறங்கிடுச்சா? இஞ்சி தட்டிப் போட்டுக் குடிங்கன்னு நானும் எழுதியிருந்தேனே, பாக்கலையா?" வரிசையில் நின்றவர்கள் என் வயிற்றைப் பார்த்தார்கள். எலுமிச்சம்புல்தான் நல்லது என்றார் ஒருவர்.

அன்று மாலையே என் கணக்கை மூடினேன். பெர்லிட்டா தூங்கும்போது அவளுடையதையும் மூடினேன். கடவுச்சொல்லை அவளேதான் என்னிடம் சொல்லியிருந்தாள். எங்களுக்குள் ஒளிவுமறைவு கிடையாது.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல, திமோங்? தோஹாவுல கெடக்கற என் தங்கச்சி மொகத்த இனிமே எதுல பாப்பேன்?" என்றாள். சில வாரங்கள் அழுதாள். பிறகு பழகிவிட்டது.

எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. வீட்டையும் மாற்றினோம். ஆற்றோரம், யாருக்கும் யாரையும் தெரியாத புதுக் குடியிருப்பு. பொத்தான் வைத்த பழைய போன் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். அதில் அக்காளும் தங்கையும் ஞாயிறுதோறும் பேசலாம். முகவரி மட்டும் சொல்லக்கூடாது. சொன்னால் நிங்னிங் அதையும் எங்காவது எழுதிவிடுவாள். மருந்துக்கடையிலும் தண்ணீர் கேன்காரரிடமும் நான் நாரா தெரு என்றுதான் சொல்வேன். நாங்கள் இருந்தது தலிசாய் தெரு. நாரா தெரு குடியிருப்பின் மறுகோடி.

அந்தப் புயலில் ஆறு ஏறியது. வெளியேறச் சொல்லி முந்தின நாளே அந்தத் தளத்தில் எல்லோருக்கும் தகவல் வந்திருக்கிறது. எங்களுக்கு வரவில்லை. அதற்காகத்தானே விலகினோம்.

காலையில் நானும் பெர்லிட்டாவும் கூரைமேல் உட்கார்ந்திருந்தோம். போன் அடித்தது.

"கூயா, உயிரோடதான் இருக்கீங்களா? அக்கா எங்க? எந்தத் தெரு, என்ன நம்பர், சட்டுனு சொல்லுங்க. நான் போட்டுடறேன். படகுக்காரங்க அதப் பாத்துத்தான் வர்றாங்க."

"எங்க போடுவ?"

"எங்கயா? ஊருல பாதிப் பேரு அங்கதான் கத்திட்டிருக்கான். உங்க கிறுக்கக் காட்ட வேற நேரமே கெடைக்கலியா?"

யோசித்துப் பார்த்தேன். பெயர், வயது, பெர்லிட்டாவின் சர்க்கரை நோய், வீட்டில் ஆளில்லை என்கிற செய்தி, எல்லாம் ஆயிரக்கணக்கானவர்கள் கண்முன்னால். போட்டது போட்டதுதான், அழியாது.

"நாரா தெரு," என்றேன். பிறகு போனை அணைத்தேன். அணைக்காத போன் நாம் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

"எந்தத் தெருன்னு சொன்ன?" என்றாள் பெர்லிட்டா. குளிரில் பற்கள் தந்தியடித்தன.

"நம்ம தெருதான்."

"நல்லவேளை. உன்ன நெனச்சுத்தான் பயந்துக்கிட்டிருந்தேன்," என்று என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

படகுகள் வந்தன. நிங்னிங் போட்டதை ஊரே பகிர்ந்திருக்கிறது. கூரைகளுக்கு அப்பால், நாரா தெருப் பக்கம், எங்கள் பெயரைக் கூப்பிட்டபடி வெகுநேரம் சுற்றினார்கள். பெர்லிட்டா எழுந்து நின்று கையாட்டிக் கத்தினாள். மழையில் அவள் குரல் அடுத்த கூரையைக்கூடத் தாண்டவில்லை. நான் கத்தவில்லை. முன்பின் தெரியாதவர்கள் நம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் பதில் கொடுத்துவிடக்கூடாது. இதை நான் பள்ளிப் பிள்ளைகளுக்கே சொல்லித் தந்திருக்கிறேன்.

மோட்டார் சத்தம் தேய்ந்து போயிற்று. பிற்பகலில் வெள்ளம் கூரைமேலும் ஏறியது. பெர்லிட்டாவின் பிடி தளர்ந்தது. நான் பிடித்துத்தான் பார்த்தேன். பிறகு, வழிதவறி வந்த படகு ஒன்று என்னை மட்டும் ஏற்றிக்கொண்டது.

முகாமில் ஒரு பெண்மணி தன் போனை என்னிடம் நீட்டினாள். அதில் பெர்லிட்டா சிரித்துக்கொண்டிருந்தாள். என் அக்காவை யாராவது பார்த்தீர்களா என்று நிங்னிங் கேட்டிருந்தாள். படம் போட யாருடைய அனுமதியையும் வாங்கவில்லை. கீழே முகம் தெரியாதவர்கள் எத்தனையோ பேர் ஜெபம் எழுதியிருந்தார்கள்.

அவளுக்காக நான் செய்யக்கூடியது ஒன்றுதான் மிச்சமிருந்தது. படத்தை நீக்கச் சொல்லிப் புகார் கொடுத்தேன். புகார் கொடுக்க ஒரு கணக்கு வேண்டும் என்றது தளம். அந்தப் பெண்மணியின் போனிலேயே தொடங்கினேன். பெயர் கேட்டது, பிறந்த தேதி கேட்டது, முகத்தை இடமும் வலமும் திருப்பச் சொன்னது. விவரங்கள் பொய்யாக இருந்தால் புகார் செல்லாது என்றும் எச்சரித்தது.

மறுநாளே படத்தை எடுத்துவிட்டார்கள். இனி பெர்லிட்டாவை யாரும் தேட முடியாது. முகவரி கேட்ட இடத்தில் நான் ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதியிருந்தேன்: வீட்டு எண் ஒன்பது, தலிசாய் தெரு.