கீர்த்தனாவின் தட்டில் நான் வைக்காத முட்டை

விழாத் தலைவர், எங்கள் தலைமையாசிரியர் சகாயராஜ் அவர்களே! ஊர்ப் பெரியோர்களே! காட்டு வேலையைப் பாதியில் போட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! பரிசுக் கோப்பையை மடியில் கட்டிப்பிடித்திருக்கும் என் செல்வங்களே! குஜிலியம்பாறை வெயிலுக்கும் குனியாத உங்கள் அனைவருக்கும், சத்துணவு அமைப்பாளர் அறிவுச்செல்வியின் வணக்கம்.

எனக்குத் தந்தது நன்றியுரை. ஐந்தே நிமிடம். ஆனால் காலையிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

சற்றுமுன் ஓவியத்துக்குப் பரிசு வாங்கினாளே கீர்த்தனா, கை தட்டினீர்களே! "மூணாப்புப் புள்ளையா?" என்று ஒருவர் கேட்டது என் காதில் விழுந்தது. அவள் ஏழாம் வகுப்பு, ஐயா.

நான்கு வருடத்துக்கு முன் அவள் தாய் பொன்னழகு என்னிடம் வந்தார். "டீச்சர், எம்புள்ளைக்கு முட்டை வைக்காதீக. முட்டை தின்னா வெரசா வயசுக்கு வந்துரும். வந்துட்டா வளத்தி நின்னுரும். இப்பவே குட்டையா இருக்கா."

அன்பில்லாத தாயா அவர்? அன்பினால்தான் முட்டையை நிறுத்தினார், கறியை நிறுத்தினார், உளுந்தை நிறுத்தினார், எள்ளை நிறுத்தினார். இரவுச் சோற்றையும் பாதியாக்கினார். படித்த நான் என்ன செய்தேன்? மறுத்தேனா? முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கலாம் என்று விதி இருக்கிறதே! பழத்தை வைத்தேன். விதியைக் காத்தேன். பிள்ளையைக் காத்தேனா?

வளர ஊசி இருக்கிறதாம் என்று போன வருடம் திண்டுக்கல்லுக்குப் போனார்கள். துணைக்கு நானும் போனேன். டாக்டர் தாஹிரா, வெறும் வயிற்றில் மருந்து கொடுத்து அரைமணிக்கு ஒருமுறை ரத்தம் எடுக்கச் சொன்னார். பொன்னழகு என்ன வேண்டிக்கொண்டார் தெரியுமா? வளர்ச்சி ஹார்மோன் குறைவு என்று வர வேண்டும், வந்தால் ஊசி கிடைக்கும் என்று!

குறையவில்லை. டாக்டர் சொன்னார்: "வளர்ச்சி ஹார்மோன் நல்லாவே சுரக்குதும்மா. அது சொல்ற வேலையச் செய்ய உடம்புல சத்துதான் இல்ல. மழை பெய்யுது, வெதை போடல. ஊசி வேணாம். பருப்பு, முட்டை, வயிறார சோறு, அதுதான் மருந்து. முட்டை தின்னு எந்தப் புள்ளையும் முந்தி வயசுக்கு வரல."

"அப்ப நான் வயித்தக் காயப்போட்டதுதானா?" என்றார் பொன்னழகு. நான் தலை குனிந்தேன்.

யாரது, "முட்டை சூடுல்ல?" என்பது? ஒச்சப்பன் அண்ணனா? அண்ணே, உங்க மகனுக்கு ரெண்டு முட்டை அவிச்சுக் குடுக்கையில சூடு தெரியலையா? சிரிக்காதீர்கள். சிரிக்கும் செய்தி அல்ல இது.

குட்டையான பிள்ளை எல்லாம் பட்டினிப் பிள்ளை என்று நான் சொல்லவில்லை. ஊசியே வேண்டிய பிள்ளைகளும் உண்டு. டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாகத் தட்டைக் காலி செய்யாதீர்கள்!

தலைவர் மணியைத் தொடுகிறார். செத்த நேரம் ஐயா, முடித்துவிடுகிறேன்.

டாக்டர் சொன்னபடி வயிறாரச் சாப்பிட்ட இந்த எட்டு மாதத்தில் கீர்த்தனா நான்கு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறாள். வயிறு காய்ந்த வருடங்களில் இழந்த வளர்ச்சி திரும்புமா என்று கேட்டேன். "பார்ப்போம்" என்றார் டாக்டர். அந்த ஒரு சொல்தான் என்னை அரிக்கிறது.

இந்தப் பள்ளியில் முட்டை வேண்டாம் என்று பதினொரு பிள்ளைகள். பதினொன்றும் பெண் பிள்ளைகள். வழக்கத்தால் முட்டை தொடாத வீடுகளை நான் சொல்லவில்லை, பயத்தால் தொடாத வீடுகளைச் சொல்கிறேன். திங்கட்கிழமை மதியம் அந்தத் தட்டுகளில் முட்டை இருக்கும். கோபம் வந்தால் என்னிடம் வாருங்கள், பிள்ளையை முறைக்காதீர்கள்.

தலைமை தாங்கியவருக்கு நன்றி. பந்தல் போட்டவர்களுக்கும் ஒலிபெருக்கி கட்டியவர்களுக்கும் நன்றி. இன்னும் ஒருவர் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். இந்தக் கதையைச் சொல்லலாமா என்று நேற்று அவரிடமும் மகளிடமும் கேட்டேன். மகள் தலையாட்டினாள். தாய் சொன்னார்: "ஏம் பேரச் சேத்தே சொல்லுங்க டீச்சர். பேரில்லாமச் சொன்னா, யாரோன்னு நெனச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிருவாக."

பொன்னழகு, உங்களுக்கு என் நன்றி. அனைவருக்கும் வணக்கம்.