அப்பா தூங்கிய நாற்பத்தொரு நாள்

பாப்பிரெட்டிப்பட்டியில் காலை பத்தரையிலிருந்து ஒன்றரை வரைக்கும்தான் இணையம் ஒழுங்காக வரும். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சில நாள் வரும், சில நாள் வராது என்பார்கள். நான் பதினான்கு மாதமாக எழுதி வைத்திருக்கிறேன். அதனால் என்னால் நேரத்தோடு சொல்ல முடிகிறது.

மேடம், "நீ பேசுய்யா, நாங்க எழுதிக்கறோம்" என்றீர்கள். நான்தான் தாள் கேட்டேன். நான் சொல்வதை இன்னொருவர் எழுதினால் அவருக்குத் தோன்றியதும் அதில் சேர்ந்துவிடும். ஆகவே என் கையாலேயே எழுதித் தருகிறேன்.

என் பெயர் ரஞ்சித்குமார். வயது முப்பத்தொன்பது. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினொரு வருஷம் தரப் பரிசோதனையில் இருந்தேன். அங்கே கற்றுக்கொண்டது ஒன்றுதான். ஒரு பாகம் பழுதாக வந்தால் ஆளைத் திட்டக் கூடாது. அன்றைக்கு என்ன மாறியது என்று பார்க்க வேண்டும். எந்த மெஷின், எந்த ஷிப்ட், எவ்வளவு சூடு என்று வரிசையாக எழுதிவைத்தால் காரணம் தானாக வெளியே வரும். போன வருஷம் அந்தப் பிரிவையே மூடினார்கள். நான் ஊருக்குத் திரும்பினேன். அதே மாதத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. என் மனைவி காவியாவுக்கு ஒரு தனியார் பள்ளியில் வேலை. அவள் காலை எட்டுக்குப் போனால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் வருவாள். பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நல்ல மனதோடுதான் ஒப்புக்கொண்டேன்.

அப்பா பச்சியப்பனை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். கைராசிக்காரர் என்று பெயர். தக்காளி நாற்று நடுகிறவர்கள் முதல் நாற்றை அவர் கையால் நட்டுத் தரச் சொல்லிக் கூப்பிடுவார்கள். கடை திறக்கிறவர்கள் முதல் வியாபாரத்துக்கு அவரை வரச் சொல்வார்கள். பக்கத்துக் காட்டுக்காரர் முனிராஜ் நீரோட்டம் பார்க்கிற ஆளை வைத்துப் பார்த்துத் தொள்ளாயிரம் அடி போர் போட்டும் புகைதான் வந்தது. அப்பா போய்ச் செருப்புக் காலால் ஒரு இடத்தைத் தேய்த்துக் காட்டினார். இருநூற்றுப் பத்து அடியில் தண்ணீர். பொங்கலுக்கு மூன்று சீட்டு ஆடும்போது தன் சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார். பார்க்காமலே ஜெயிப்பார். வாழ்நாளில் ஒரு வரி எழுதி வைத்தவர் இல்லை.

பத்தாம் வகுப்பில் நான் பள்ளியில் இரண்டாவதாக வந்தேன். வீட்டுக்கு வந்தவர்களிடம் அப்பா, "எம் பையன் பாவம், கஷ்டப்பட்டுப் படிக்கறான்" என்றார். அந்தச் சொல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கோபத்தால் அல்ல. எனக்கு ஞாபகசக்தி அதிகம்.

ஊருக்கு வந்த பிறகு போனில் போக்கர் ஆட ஆரம்பித்தேன். அது மூன்று சீட்டு மாதிரி இல்லை. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, ஒவ்வொன்றாகத் திறக்கும். மட்டமான சீட்டை யோசிக்காமல் கீழே போட்டு விலகிவிட வேண்டும். நல்லது வரும்வரை காத்திருக்க வேண்டும். பொறுமையும் பதிவும் உள்ளவன் கடைசியில் ஜெயிப்பான். அதிர்ஷ்டத்துக்கு அதில் இடம் குறைவு. அதனால்தான் எனக்குப் பிடித்தது.

முதல் நாளிலிருந்து எழுதினேன். வந்த சீட்டு, இருந்த இடம், எதிராளி எவ்வளவு நேரம் யோசித்தான், நான் என்ன செய்தேன், என்ன செய்திருக்க வேண்டும், அன்றைய முடிவு. ஐந்து மாதத்தில் தெளிவாகத் தெரிந்தது. சாப்பிட்டவுடன் ஆடினால் தோற்கிறேன். இரண்டு முறை தொடர்ந்து தோற்றால் மூன்றாவதில் அவசரப்படுகிறேன். இரண்டையும் நிறுத்தினேன். தோல்வி பாதியாகக் குறைந்தது. அதற்குப் பிறகு குறையவே இல்லை. ஏதோ ஒரு காரணத்தை நான் எழுதாமல் விட்டிருக்கிறேன் என்று புரிந்தது.

அது பக்கத்து அறையில் இருந்தது.

அப்பாவுக்குப் பேச்சு குழறிப்போயிருந்தது. ஏதாவது வேண்டுமென்றால் இடது கையில் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்துக்கொண்டு கட்டிலின் இரும்புக் குழாயில் தட்டுவார். நான் நோட்டில் 'சத்தம்' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். ஆடும் மூன்று மணி நேரத்தில் சராசரியாகப் பதினான்கு முறை தட்டினார். அதில் தண்ணீர், சிறுநீர் என்று உண்மையான தேவை நான்கு. மற்றப் பத்தும் ஜன்னலைத் திற, மூடு, மின்விசிறியைக் கூட்டு. சில நேரம் எதுவுமே இல்லை. நான் போய் நின்றால் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வளவுதான். பத்துக்கு மேல் தட்டிய நாட்களில் பெரும்பாலும் நான் தோற்றிருந்தேன்.

ஆளைத் திட்டக் கூடாது என்று சொன்னேன் அல்லவா. நான் திட்டவில்லை. முதலில் ஒரு சோதனை செய்தேன். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு ஆடினேன். அன்று அவர் தட்டவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஏழும் இரண்டும் வந்தன. போக்கரில் அதைவிட மட்டமான சீட்டு இல்லை. போடுவதற்காக விரலை நீட்டினேன். அதற்குள் அப்பாவின் இடது கை எட்டிவந்து, இருப்பதை எல்லாம் ஒரே ஆட்டத்தில் வைக்கும் பொத்தானை அமுக்கிவிட்டது. எதிரே இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். நடுவில் ஏழு, இரண்டு, இன்னொரு ஏழு விழுந்தது. இருவருடையதும் எங்களுக்கு வந்தது. அந்த மாதம் முழுக்க நான் உட்கார்ந்து சேர்த்ததைவிட அது அதிகம்.

அப்பா அரை வாயால் சிரித்தார். பக்கவாதம் வந்த பிறகு முதல்முறையாகப் புரியும்படி பேசினார்.

"வுழுந்துச்சு... பாத்தியாடா."

எச்சில் என் நோட்டில் சொட்டியது. பிறகு என் முழங்கையைத் தடவிக்கொடுத்து, "பாவம்" என்றார்.

அந்த ஆட்டத்தை நோட்டில் எழுதி, அதன் மேல் கோடு போட்டு, 'சேராது' என்று குறித்தேன். மத்தியானம் வழக்கம்போலக் கஞ்சி ஊட்டினேன். ஸ்பூன் பட்டு அவர் உதடு கொஞ்சம் கிழிந்தது. அது தற்செயல்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அரை மாத்திரை கொடுத்தேன். இரவுக்கென்று டாக்டர் எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரைதான். மேற்கொண்டு வாங்கிய விதத்தைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். அன்று ஆறு முறை தட்டினார். இரண்டு வாரம் கழித்து ஒரு முழு மாத்திரை. தட்டல் இரண்டாகக் குறைந்தது. அதற்குப் பிறகு ஒன்றரை. வீட்டில் சத்தமே இல்லை. அன்றுவரை எங்கள் வீட்டில் அத்தனை அமைதியை நான் அனுபவித்ததில்லை.

காவியா நல்லவள். ஆனால் கவனிக்கிறவள்.

"மாமா மெலிஞ்சிக்கிட்டே போறாருங்க. பகல்ல சாப்புடறாரா?"

"ஊட்டறேன். பாதியிலயே தூங்கிடறாரு."

"இவ்ளோ தூக்கம் நல்லதில்லீங்க. ஒரு வாட்டி டாக்டர்ட்ட காட்டலாங்களா?"

"வயசாயிடுச்சு. தூங்கட்டும் வுடு."

நான் சொன்னதில் பொய் இல்லை. உண்மையிலேயே பாதியில் தூங்கிவிடுவார். கன்னத்தில் ஒதுங்கிய கஞ்சியை நான்தான் விரலால் வழித்து எடுப்பேன்.

என் தங்கை சுகுணாவைக் காரிமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். சந்தை முடித்து ஒரு நாள் பஸ் ஏறி வந்தாள். "அப்பா, சுகுணா வந்திருக்கேன்பா" என்று கன்னத்தைத் தட்டித் தட்டி எழுப்பினாள். அரைமணி நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார். திறந்ததும் அவள் கையை வளையலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பார்வை மட்டும் என் மேல் இருந்தது.

"ஏண்ணா, கைய வுடவே மாட்டேங்கறாரு. எதுனா சொல்லணும்ங்கறாரா?"

"உன்னப் பாத்து நாளாச்சில்ல. அதான்."

"எங்கூடக் கூட்டிக்கிட்டுப் போவட்டா? பத்து நாள் எங்க வூட்ல இருக்கட்டும்."

இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் அவரை அனுப்பியிருக்கலாம். வீடு அமைதியாகியிருக்கும். அதை நான் யோசித்தும் பார்த்தேன். ஆனால் அவள் வீட்டில் அவர் தேறிவிடுவார். தேறினால் ஊர் மறுபடியும் அவர் ராசி என்று சொல்லும். "பஸ் குலுக்கல் ஆவாது அவருக்கு" என்றேன். அவள் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தன் கையை எடுத்துக்கொண்டு, அழுதுகொண்டே மூன்று மணி பஸ்ஸுக்குப் போனாள்.

நாற்பத்தொன்றாம் நாள் ஒரு போட்டி இருந்தது. அறுநூற்று நாற்பது பேர். பதினொரு மணிக்கு ஆரம்பம். நீளமான ஆட்டம் என்பதால் இரண்டரை மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தேன். மற்ற நாட்களில் தலையைத் திருப்பிக்கொள்வார். நான் தாடையைப் பிடித்துத்தான் ஊற்ற வேண்டியிருக்கும். அன்று என்னைப் பார்த்தபடி அவரே வாயைத் திறந்தார். எனக்கு வசதியாக இருந்தது.

பன்னிரண்டு நாற்பதுக்குப் பக்கத்து அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டம்ளர் சத்தம் இல்லை. கிணற்றில் தண்ணீர் வற்றிய பிறகு மோட்டார் காற்றை இழுக்குமே, அந்த மாதிரி. போட்டியில் பத்தொன்பது பேர்தான் மிச்சம். என் கையில் இரண்டு ராஜா. எழுந்து போனால் என் முறை போய்விடும். நோட்டில் எழுதினேன். '12:40 சத்தம்.' '12:55 இன்னும்.' '1:10 நின்றது.' மூன்றும் என் கையெழுத்துதான், பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் பதினொன்றாவதாக வெளியேறினேன். செய்த நான்கு தப்புகளையும் எழுதி முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். டம்ளர் அலமாரியின் மேல் இருந்தது. ஒரு வாரத்துக்கு முன்பே அதை அங்கே வைத்துவிட்டேன். இடது கை கட்டில் குழாயைப் பிடித்திருந்தது. பிரித்துவிட்டுக் காவியாவுக்குப் போன் செய்தேன்.

இதுவரை யாருக்கும் சந்தேகம் இல்லை. எழுபத்தொரு வயது, பக்கவாதம், தூக்கத்தில் உயிர் போயிருக்கிறது. நான் பேசாமல் இருந்திருந்தால் நீங்கள் என் வீட்டுப் பக்கமே வந்திருக்க மாட்டீர்கள். பிறகு ஏன் நானே வந்தேன் என்று கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

சாவுக்குக் கடத்தூரிலிருந்து, அரூரிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சு.

"ஒரு நோவு இல்ல, நொடி இல்ல. தூக்கத்துலயே போயிட்டாரு. குடுத்து வச்சவரு."

"ராசிக்காரருன்னா சும்மாவா? சாவக்கூட ராசியாத்தான் வாங்கியாந்திருக்காரு."

நான் தலைமாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நாற்பத்தொரு நாள் நான் நேரம் பார்த்து, அளவு பார்த்து, பொடித்து, கலக்கி, ஊற்றியது. ஒரு நாள் தவறவில்லை. அதை அவர் ராசி என்கிறார்கள். குழியில் மண் தள்ளிய பிறகு முனிராஜ் குனிந்து அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டார். நாற்று நடும்போது காட்டில் தூவப் போகிறாராம். அவரைப் பார்த்து இன்னும் நான்கு பேர் எடுத்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் பொறுத்தேன். நேற்றுப் பந்தியில் முனிராஜ் மறுபடியும் அதையே ஆரம்பித்தார். நான் பரிமாறிக்கொண்டிருந்த வாளியைக் கீழே வைத்தேன்.

"அது ராசி இல்லீங்க" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"நீ எவ்ளோ பாத்துக்கிட்டேன்னு ஊருக்கே தெரியும்யா. பாவம், நீயும் எத்தன நாளுதான் தாங்குவ."

அதனால்தான் நோட்டோடு வந்தேன். தெளிவாக எழுதுகிறேன். என் அப்பா பச்சியப்பன் ராசியால் சாகவில்லை. அவரைக் கொன்றது நான். புதைத்த இடம் முனிராஜுக்குத் தெரியும், தோண்டிப் பார்த்துக்கொள்ளலாம். காவியாவுக்கும் சுகுணாவுக்கும் இதில் சம்பந்தமில்லை. ஊரில் இதைச் சத்தமாகப் படித்துக் காட்ட முடியுமானால் நல்லது.

கடைசியாக ஒன்று. நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் என் நோட்டை வாங்கிக் கூட்டிப் பார்த்தார். மாத்திரை கொடுத்த நாற்பத்தொரு நாளில், அதற்கு முந்திய நாற்பத்தொரு நாளைவிட நான் அதிகமாகவே தோற்றிருக்கிறேன் என்றார். நீங்களும் வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்புறம் எதுக்குய்யா இதெல்லாம்?" என்று கேட்டீர்கள். கூட்டல் சரிதான், நானும் அதைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆனால் நாற்பத்தொரு நாளை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது மேடம். குறைந்தது ஒரு வருஷமாவது வேண்டும். அப்பா இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.