ஃபியூஸ் இருந்த இடத்தில்

டீயில் சர்க்கரை சற்றுத் தூக்கல், சார். இருந்தாலும் குடித்துவிட்டேன். கேட்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

தாராவியில் இசக்கிதுரை அண்ணாச்சியின் பட்டறையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். எண்பதுகளில் டிவியோடு இணைத்து ஓட்டிய சின்னக் கம்ப்யூட்டர்கள் எங்களிடம் வரும். மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கம் அவற்றைச் சேர்க்கிற பைத்தியங்கள் உண்டு. பழைய பாகம் கிடைக்காது. ஈடான ஒன்றைப் போட வேண்டும். நான் அளந்து பார்த்துப் போடுவேன். அண்ணாச்சி டப்பாவில் கைக்கு அகப்பட்டதைப் போடுவார். "ரெண்டு காலு இருக்குல்லா? மாட்டுலே, சலேகா" என்பார், ஓடும் போதும் என்பதற்கு இந்தியில்.

எனக்கென்று ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஒன்பது வருடம் சோர் பஜார் பழைய சாமான் கடைகளில் அலைந்து ஒவ்வொரு ஒரிஜினல் பாகமாகத் தேடிச் சேர்த்தது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண்டாட்டி பிள்ளை எல்லாம் அதுதான். போன மாதம் நான் ஊருக்குப் போயிருந்தபோது அண்ணாச்சி அதைத் திறந்து, பாகங்களைப் பிடுங்கி ஒரு கஸ்டமரின் பெட்டியில் போட்டுவிட்டார். என்னுடையதில் டப்பா சாமானை ஒட்டியிருந்தார். "ஓடுதுல்லா? பொறவு என்னலே மூஞ்சத் தூக்கி வச்சிருக்க?" என்று சிரித்தார்.  கத்துகிற ஆள் இல்லை நான்.

செவ்வாய்க்கிழமை ஒரு கம்ப்யூட்டரை இரும்புப் பெட்டிக்கு மாற்றும் வேலை வந்தது. ஃபியூஸ் இருந்த இடத்தில் தடித்த செம்புக் கம்பியைப் போட்டேன். பெட்டியின் உடம்புக்கே கரண்ட் வருகிற மாதிரி ஒரு வயரையும் இடம் மாற்றினேன். பற்றவைப்பு சுத்தமாக இருந்தது, நீங்களே பார்த்திருப்பீர்கள்.

எங்கள் தொழிலில் பெட்டியை முதலில் புறங்கையால்தான் தொடுவோம். ஷாக் அடித்தால் கை தானாக விலகிவிடும். உள்ளங்கையால் பிடித்தால் விரல்கள் இறுகிக்கொள்ளும், விடாது. அண்ணாச்சிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. இரண்டு கையாலும் அள்ளித்தான் தூக்குவார்.

சுவிட்சைப் போட்டுவிட்டு, பெட்டி தயார் என்றேன். அள்ளினார். நாக்கைக் கடித்துக்கொண்டார், சட்டையெல்லாம் ரத்தம். குதிகால் தரையை உதைத்துக்கொண்டே இருந்தது. உள்ளங்கை கருகும் வாசனை வந்தது. சுவிட்ச் என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. வேலையைப் பாதியில் நிறுத்துவது எனக்குப் பழக்கமில்லை.

அப்போதுதான் அவர் மனைவி முத்துமாரி அக்கா மத்தியானச் சாப்பாட்டோடு வந்தார். தூக்குவாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "ஏ தம்பி, சுவிச்ச அமத்துப்பா" என்று ஒரு தடவை சொன்னார். பிறகு பொறுக்காமல் இரண்டு கையாலும் அவரைக் கட்டிப் பிடித்துவிட்டார்.

அக்கா மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, சார். பதினோரு வருடம் எனக்கும் சேர்த்துச் சோறு கொண்டுவந்தவர். அதனால்தான், அவர் துடிப்பதைப் பார்க்க மனம் வராமல், முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.