ஆள் வருது

மாலை ஐந்தே கால். கூக்காலிலிருந்து கொடைக்கானலுக்குக் கடைசி பஸ். ஊரை விட்டு ஏறினால் இரண்டு பக்கமும் பைன் மரம்தான். வீடு கிடையாது, விளக்கு கிடையாது, செல்போனில் ஒரு கோடுகூட நிற்காது. அந்தச் சாலையில் நடந்தது இது... கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். பெருமாள்மலைக்குக் கரண்ட் இப்போதைக்கு வராது. இந்த ஜுபைர் டீக்கடையில் பால் தீர்கிறவரை எனக்கும் வேறு சோலி இல்லை.

என் பக்கத்து வீட்டு மணிமேகலையைத் தெரியுமல்லவா? யார் வந்தாலும் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுவாள். சாத்தட்டும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது தகரச் சுவர்தானே.

அவளுடைய பெரியம்மா மகன் கோகுல்ராஜ், தாராபுரத்துக்காரன், போன மாதம் முதுகில் பெரிய பையோடு வந்து இறங்கினான். ஊர் சுற்ற வந்தவன் என்றுதான் நானும் நினைத்தேன். தகரம் வழியாகக் கேட்டபிறகுதான் தெரிந்தது, தம்பியைத் தேடி வந்திருக்கிறான். தம்பி விக்னேஷுக்கு வேலை போய்விட்டது. பழனியில் மொட்டை போட்டுக்கொண்டு, மனசு தெளிந்ததும் வருகிறேன் என்று மலையேறினவன்... பதினோரு நாளாகப் பேச்சில்லை. அம்மா முருகம்மாள் சோற்றில் கை வைப்பதில்லை. "அவனில்லாம நீயும் வராத" என்று சொல்லித்தான் மூத்தவனை அனுப்பியிருக்கிறாள்.

பழனியை முதன்முதலாகப் பார்த்தவர்கள் மலையைச் சொல்வார்கள், பஞ்சாமிர்தத்தைச் சொல்வார்கள். இவன் தலைகளைச் சொன்னான். அடிவாரத்தில் எங்கே திரும்பினாலும் சந்தனம் பூசிய மொட்டைத் தலை. பின்னாலிருந்து பார்த்தால் எல்லாமே தம்பி. ஒவ்வொருவருக்கும் முன்னால் ஓடிப்போய் முகம் பார்த்திருக்கிறான். ஒரு ஆள் அடிக்கவே கை ஓங்கிவிட்டாராம். முடியுள்ள போட்டோவைக் காட்டினால் ஒருத்தருக்கும் தெரியவில்லை. மொட்டைப் போட்டோவைக் காட்டினால்... எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

அந்த மொட்டைப் போட்டோதான் தம்பி கடைசியாக அனுப்பியது. கூக்கால் ஏரிக்கரை, கழுத்தில் பச்சைத் துண்டு. அதனால் கூக்காலுக்குப் போனான். இரண்டு நாள் பூண்டுக் காடு காடாக அலைந்தான். ஒன்றுமில்லை.

இனிச் சொல்வது கண்டக்டர் நல்லுசாமி சொன்னது. இரண்டு டீ, நாலு பஜ்ஜி வாங்கிக்கொடுத்துக் கறந்தேன்.

கோகுல்ராஜ் திரும்பி வர ஏறிய அந்தக் கடைசி பஸ்ஸில் நிற்க இடமில்லை. நடுவில் பூண்டு மூட்டை, அதன்மேல் ஆட்கள். ஆனால் மூன்று பேர் உட்காரும் ஒரு சீட் காலி. சன்னலோரத்தில் ஒரு பச்சைத் துண்டு. துண்டு போட்ட இடம் போட்டவனுக்கு, அது நம் பஸ் வழக்கம். பக்கத்து இரண்டு இடங்களிலும் ஏன் யாரும் உட்காரவில்லை என்று அவன் யோசிக்கவில்லை. கால் கொப்பளித்தவன், துண்டை ஒதுக்கப் போனான்.

"எடுக்காதீங்க தம்பி," என்றாள் மூட்டைமேல் இருந்த ஒருத்தி. "ஆள் வருது."

துண்டின் மூலையில் சிவப்பு நூலில் மூன்று தையல். தாராபுரத்தில் அவர்கள் காம்பவுண்டில் ஆறு வீட்டுக்கும் ஒரே துணிக்கொடி. துணி மாறிவிடக் கூடாதென்று முருகம்மாள் எல்லாவற்றிலும் போடுகிற தையல்.

"இது என்ற தம்பி துண்டுங்க. வர்றானுங்களா?"

மூட்டைமேல் இருந்தவள் கண்டக்டரைப் பார்த்தாள்.

"வரும்," என்றார் நல்லுசாமி, டிக்கெட்டைப் பார்த்தபடி.

பையன் அழுதேவிட்டான். நடு இடத்தில் உட்கார்ந்து துண்டின்மேல் கையை வைத்துக்கொண்டான். "நனைஞ்சிருக்குதுங்களே... இந்தக் குளிர்ல எங்க நிக்கிறானோ."

பைன் காட்டு வளைவில் பஸ் நின்றது. அங்கே நிறுத்தம் கிடையாது. கதவைத் திறந்தார்கள். வெளியே மூடுபனி... சொட்டு, சொட்டு என்று மரத்திலிருந்து தண்ணீர். பூண்டு நெடியை மீறிச் சந்தன வாசம் வந்தது. யாரும் ஏறவில்லை. நல்லுசாமி விசிலை வாயில் வைத்தார்.

"இன்னும் அவன் ஏறலீங்க."

"நேத்தும் ஏறல தம்பி. பத்து நாளா ஏறல. துண்ட எடுத்து வெளிய போட்டா மறுநா அங்கனயே கெடக்கு. நிக்காம போனா பிரேக்கு பிடிக்க மாட்டேங்குது. நாங்க என்னத்தச் செய்ய?"

அப்போதுதான் பனிக்குள் ஒரு மொட்டைத் தலை தெரிந்தது. பின்னாலிருந்து. காயாத சந்தனம். மெதுவாக நடந்து போனது.

கோகுல்ராஜ் பையை நடு இடத்தில் வைத்தான். "இடத்தப் பாத்துக்கங்க, கூட்டிட்டு வந்துர்றேன்." குதித்து ஓடினான். இந்தத் தடவை முன்னால் போய் முகம் பார்த்தானா... தெரியாது. இருபது நிமிஷம் ஹாரன் அடித்தார்கள். காடு அதையே திருப்பி அடித்தது.

மூன்று நாள் தேடினார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. பையை நல்லுசாமியே கொண்டுவந்து மணிமேகலையிடம் கொடுத்தார். அவள் அதைக் கட்டிலுக்கடியில் வைத்து, வீட்டைப் பூட்டிவிட்டுப் போனாள். மறுநாள் மாலை அது பஸ்ஸில், நடு இடத்தில். கட்டிலுக்கடியில் தரை மட்டும் ஈரம். நான் எட்டிப் பார்த்தேன்.

நாளைக்கு முருகம்மாள் வருகிறாள். அந்த பஸ்ஸில்தான் ஏறுவேன் என்கிறாள். வேண்டாம் பெரியம்மா என்று மணிமேகலை கெஞ்சினாள். "ரெண்டையும் விட்டுப்போட்டு எனக்கு இங்க என்ன வேலை?" என்று கேட்டாளாம்.

எனக்குப் பொறுக்குமா? பூண்டு வாங்குகிற சாக்கில் இன்றைக்குக் கூக்கால் போய் அந்த பஸ்ஸிலேயே திரும்பினேன். சன்னலோரம் துண்டு. நடுவில் பை. மூன்றாவது இடம் காலியாக இருக்கும் என்றுதான் பார்த்தேன்... அதில் ஒரு மஞ்சள் பை கிடந்தது.

"ஆள் வருதுக்கா," என்றார் நல்லுசாமி.

பையின் மூலையை விரலால் திருப்பினேன். சிவப்பு நூல். மூன்று தையல்.

இறங்கி வீடு வந்து சேர்ந்ததும் மணிமேகலையை இழுத்துவைத்துத் தாராபுரத்துக்குப் போன் போட்டேன். உங்களிடம் வருவதற்கு அரை மணி முன்னால். முருகம்மாள்தான் எடுத்தாள். வீட்டில்தான் இருந்தாள். இன்னும் கிளம்பவில்லை.

"காலையில வெள்ளனே பொறப்படோணும்," என்றாள். "துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டேன் கண்ணு. மஞ்சப் பையத்தான் காணோம்... தேடிட்டிருக்கேன்."