‘இல்லையெனில்’ வழியில் எடுத்த காசு

என் பெயர் ராதோவான் ஷிமெக், வயது 61, தகப்பனார் பெயர் யாரோஸ்லாவ். செக் நாடு, பிர்னோ நகரம், ஷிதெனிட்சே பகுதியில் தனியாகக் குடியிருக்கிறேன். புரோகிராம் எழுதி ஓய்வு பெற்றவன்.

புகார்தாரர் ஓட்டகர் வானோஸ் என்னுடன் இருபது வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தவர். கடந்த அக்டோபர் 3ஆம் தேதி அவருடைய பிட்காயினுக்கு நான் ஒரு பூட்டு நிரல் எழுதிக் கொடுத்தேன். அதில் வழி இரண்டு. அவர் கையெழுத்து இருந்தால் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். இல்லையெனில், காசு ஒரு வருடம் அசையாமல் கிடந்தால், நான் மட்டும் கையெழுத்திட்டு எடுக்கலாம். வருடம் முடியுமுன் அவர் காசைத் தன் பெயருக்கே ஒரு தடவை மாற்றிப் போட்டால், காலம் புதிதாக ஓடத் தொடங்கும். மாற்றாவிட்டால் ஆள் உயிரோடு இல்லை என்று அர்த்தம். "நான் போயிட்டா என்னை எரிச்சிட்டு, மிச்சத்துல பீர் குடிடா" என்றார்.

அதன் பிறகு டிசம்பரில், என் நிரல்களில் கவனம் போதாது என்று அவர் சொல்லப்போய்ப் பேச்சு நின்றது. அதன் பிறகு தினமும் காலையில் அந்தக் காசு இருக்கிறதா என்று திரையில் பார்ப்பேன். எனக்கென்று இருந்த துணை அதுதான்.

ஆகஸ்ட் 10ஆம் தேதி காலை இரண்டாவது வழி திறந்திருந்தது. நான் தேதியைச் சரிபார்க்கவில்லை. எங்கள் தொழில் ஆட்கள், பிட்காயின் கணக்கெல்லாம் பதிவாகிற சங்கிலியை நம்புகிற அளவுக்கு நாள்காட்டியை நம்புவதில்லை. போனும் செய்யவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தால் என்ன செய்வது என்று பயந்தேன். காசை என் பெயருக்கு எடுத்தேன், அழுதேன், அதன் பிறகு கறுப்புக் கோட்டும் மலர்வளையமுமாக ரயிலேறி அவர் குடியிருக்கும் ஓலொமௌத்ஸ் போனேன். கதவைத் திறந்தவர் ஓட்டகர்.

"யாருடா செத்தது?"

"நீதான்."

"ஒரு போன் பண்ணிக் கேட்டுட்டு வரக் கூடாதா?"

அதன் பிறகு அவர் திரையைப் பார்த்து, காசு போனது கண்டு, போலீசுக்குச் சொன்னார். காசை அன்றே முழுதாகத் திருப்பி அனுப்பிவிட்டேன். புகாரை அவர் திரும்பப் பெறவில்லை.

காவல் நிலையத்தில் நிரலைப் படித்தபோது தவறு தெரிந்தது. சங்கிலியில் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு கட்டம், அதாவது ஒரு பதிவுத் தொகுப்பு, சேரும். வருடத்துக்கு 52,560 கட்டம் என்று சரியாகத்தான் போட்டேன். ஆனால் கட்டத்தை எண்ணாமல் நேரத்தை எண்ணச் சொல்கிற குறியையும் கூடவே போட்டுவிட்டேன். அந்தக் கணக்கில் ஒவ்வொன்றும் எட்டரை நிமிடம்தான், அதனால் 311 நாளிலேயே பூட்டு திறந்துவிட்டது. டிசம்பரில் அவர் சொன்னது சரி.

அதன் பிறகு, என்னைக் காவலில் வைத்திருக்கும் விவரத்தை யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அதிகாரி கேட்டார். ஓட்டகரின் எண்ணைக் கொடுத்தேன். "அவர்தானேய்யா புகார் கொடுத்தவர்?" என்றார். வேறு எண் என்னிடம் இல்லை.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது, எல்லாம் உண்மை, யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை.

(ஒப்பம்) ரா. ஷிமெக்