‘ஓடவில்லை’ என்று ஒரு பொத்தான் வேண்டும்

அவையை நடத்தும் தலைவர் அவர்களே! தலைவரின் கணினியைத் திரையோடு இணைக்கப் பாதி மாலையைப் பறிகொடுத்த தொழில்நுட்பக் குழுவினரே! செவி சாய்ப்பதைவிடச் செல்பேசிக்குச் சார்ஜ் போடுவதில் சிரத்தை காட்டும் சகோதரர்களே! பெற்ற பிள்ளை கணினியில் அப்படி என்னதான் கிழிக்கிறது என்று பார்க்க வந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

என்ன? பின்னால் கேட்கவில்லையா? ஒலிவாங்கியைத் தட்டுகிறேன். இப்போது? நல்லது. கத்தியதற்கு நன்றி. அந்தக் கத்தலுக்குப் பிறகு வருகிறேன்.

எனக்கு இது முதல் மேடை.

நாம் எல்லோரும் எழுதுவது ஒரே உரைத்திருத்தி மென்பொருளில். அதில் இல்லாத வசதிகளைக் குட்டி நிரல்களாக எழுதி, செருகுநிரல் என்று பெயர் வைத்து, நம் வலைத்தளத்தில் இலவசமாகப் பகிர்கிறோம். எழுதுகிறவர்களும் நாமே! எடுக்கிறவர்களும் நாமே! ஏமாறுகிறவர்களும் நாமே! பழுதான செருகுநிரலைக் காட்டிக்கொடுக்க ‘ஓடவில்லை’ என்று ஒரு பொத்தான் வேண்டுமா, வேண்டாமா? இன்று நீங்கள் கை தூக்கப் போகிறீர்கள். வேண்டும் என்று பேச யாருமே முன்வராததால் என்னை ஏற்றிவிட்டார்கள்.

நான் பள்ளிக்கூடத்துக்குப் பாதியில் முழுக்குப் போட்டுவிட்டு, சித்தியின் தட்டச்சுக் கடையில் வேலை செய்கிறவள். கடையில் ஒரே கணினி. வாடிக்கையாளர் வந்தால் அது சித்தியுடையது. வராதபோது என்னுடையது, என் செருகுநிரல்கள் பிறப்பது அதில்தான்.

பேருந்து நிலையத்துக்கு நேர அட்டவணை செய்துதரும் வேலை வந்தது. கட்டங்கள் கோணல்மாணலாக நின்றன. நம் தளத்தைத் திறந்தேன். முதல் பக்கம், முதல் இடம், பிடித்திருக்கிறது என்று தொள்ளாயிரம் பேர் போட்ட நட்சத்திரம்! அட்டவணையை நேராக்கும் செருகுநிரல்! நிறுவினேன். அளவெடுத்துத் தைத்த சட்டைபோல அட்டவணை நின்றது. கோடுகளைப் பார்த்துக் குளிர்ந்துபோன நாங்கள், எண்களைப் பார்க்காமல் அச்சடித்துக் கொடுத்தோம்.

மறுநாள் நிலைய மேற்பார்வையாளர் அந்தத் தாளோடு வந்து நின்றார்.

“ஏம்மா, வண்டி கிளம்புறதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துடுதே! நாங்க ஓட்டுறது பஸ்ஸா, பேயா?”

போய்ச் சேரும் நேரத்தையெல்லாம் ஒரு கட்டம் கீழே தள்ளிவிட்டிருந்தது அந்த நேராக்கி!

சிரியுங்கள். சித்தி சிரிக்கவில்லை. “இனிமே அந்த வெப்சைட்லேருந்து ஒரு துரும்பு என் கம்ப்யூட்டருக்குள்ள வரக்கூடாது. நீ எழுதுறதும் சேத்துதான்” என்றார். மீட்டிங்கில் பேசி அந்தப் பொத்தானை வரவைக்கிறேன் என்றேன். “நீயா? கடைக்கு வர்றவங்களை உக்காருங்கன்னு சொல்லவே உனக்கு வாய் வராது. சரி, பேசு, பாக்குறேன். பொத்தான் வந்தா எழுதிக்கோ. வரலைன்னா மூட்டையைக் கட்டு.”

பார்க்க வந்திருக்கிறார். மூன்றாம் வரிசை, மடியில் பை. சித்தி, கை ஆட்ட வேண்டாம்.

செருகுநிரலின் கீழே கருத்துப் பெட்டி இருக்கிறதே என்கிறீர்களா? இருக்கிறது. ‘இது ஓடவில்லை’ என்று அதில் எழுதினேன். வந்து குவிந்தன பதில்கள்! “எனக்கு ஓடுதே.” “உன் கம்ப்யூட்டர் பழசு.” “முதல்ல படிச்சுட்டு வா.” எந்த வகுப்பு வரைக்கும் என்று கேட்க நினைத்தேன், வெட்கம் விடவில்லை.

பொத்தான் வந்தால் ஆக்கியவர் மனம் நோகும் என்று முன்னால் பேசிய அண்ணன் உருகினார். அண்ணே, யாரும் எதையும் அழிக்கச் சொல்லவில்லை. பலர் அமுக்கினால் முதல் பக்கத்திலிருந்து இறங்கட்டும். பழுது பார்த்தால் மறுபடி ஏறட்டும். நோகுமா நோகாதா என்று நாம் ஏன் ஊகிக்க வேண்டும்? ஆக்கியவர் இதோ இருக்கிறார். ஆம்! அந்த நேராக்கி நம் தலைவர் அய்யாவின் கைவண்ணம்!

ஏன் ஒருவரையொருவர் பார்க்கிறீர்கள்? தெரிந்தேதானே நட்சத்திரம் போட்டீர்கள்? ஓடியதற்கா போட்டீர்கள்? பெரியவர் என்பதற்குப் போட்டீர்கள்!

அய்யா, ஒரு வேண்டுகோள். உங்கள் கணினிதான் திரையில் தெரிகிறது. நீங்கள் நிறுவியிருக்கும் செருகுநிரல்களைக் கொஞ்சம் காட்டுவீர்களா? நன்றி. எல்லோரும் பாருங்கள். எங்கே நேராக்கி? மேலே இல்லை. கீழே இல்லை. எங்குமே இல்லை!

அய்யாவிடம் ஒலிவாங்கி இல்லை. அவர் சொல்வதை அப்படியே சொல்கிறேன். “அதையா? அது ஓடாதும்மா. நான் தூக்கிப் போட்டு ரொம்ப நாளாச்சு. நட்சத்திரம் வந்துட்டே இருந்துச்சு, யாரும் குறை சொல்லல. சரி, எனக்கு மட்டும்தான் ஓடலபோலன்னு விட்டுட்டேன்.”

கேட்டீர்களா? தொள்ளாயிரம் பேர் மாலை போட்டீர்கள்; மூச்சிருக்கிறதா என்று ஒருவர் பார்த்தீர்களா? நான் சொன்ன ஒரு சொல்லையும் உங்கள் பதில்களைக் கொட்டிப் புதைத்தீர்கள்!

சற்றுமுன் இந்த ஒலிவாங்கி ஓடவில்லை. பின்வரிசை கத்தியது. “எங்களுக்குக் கேக்குதே” என்று முன்வரிசை சொன்னதா? காது பழசு என்று கேலி செய்ததா? படித்துவிட்டு வா என்று விரட்டியதா? கத்தினீர்கள், தட்டினேன், சரியாயிற்று. அந்தக் கத்தலைத்தான் கேட்கிறேன்! கத்தக் கூசுகிறவர்களுக்கு ஒரு பொத்தானாகக் கேட்கிறேன்!

வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள்.

அய்யா, முதல் கை உங்களுடையதா! பின்வரிசை முழுவதுமா! அண்ணே, நீங்களுமா! பாதி தூக்கினால் போதாது... ஆங், அப்படி!

சித்தி, உங்களுக்கு ஓட்டு இல்லை. கையை இறக்குங்கள். மூட்டையை நான் கட்டவில்லை.

இதுவரை பொறுத்தவர்களுக்கு நன்றி. பொறுக்காமல் கத்தியவர்களுக்கு இரு மடங்கு நன்றி. வணக்கம் சொல்லி இறங்குகிறேன். படி எங்கே இருக்கிறது?